கெம்பையன் கடை டீ

மைசூர், சரஸ்வதிபுரம்
9 ஜூலை 2024, செவ்வாய்

சாமராஜநகர் மாதேவி அம்மிணிக்கு,

கோபிநத்தம் தொட்டையன் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் உடம்பு எப்படி என்று முதலில் சொல்லுங்கள்.

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களை எனக்குத் தெரியும். நான் கைநாட்டு. காலில் ஒரு புண். கட்டு மாற்ற ஐவி நர்சம்மா செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். மருந்து ஊறும் அரை மணி நேரம் எரிச்சல் உயிர் போகும். அப்போது செல்போனில் யாராவது எழுதியதைப் படித்துக் காட்டுவார்.

"ஏனுங் நர்சம்மா, இது பேப்பர்ல வந்த சேதியா?"

"இல்லப்பா, பிளாக். அவங்கவங்க பாட்டுக்கு எழுதி வைக்கறது."

"யாரு எழுதச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல."

"அப்பறம் எதுக்கு எழுதறாங்க?"

"அதை அவங்களத்தான் கேக்கணும்."

அதனால் கேட்கிறேன். நர்சம்மாவுக்குப் பிடித்த ஒருவர் ஒன்பது வருடம் முன்பே எழுதுவதை விட்டுவிட்டார். ஆனால் பக்கத்தின் ஓரத்தில், தான் படிப்பவர்கள் என்று பதினொரு பெயர் போட்டிருந்தாராம். ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தோம். பத்து வீட்டில் ஆள் இல்லை. பதினொன்றாவது உங்கள் 'சன்னல் சீட்'. வாராவாரம் ஒரு பஸ் பயணம் எழுதுகிறீர்கள். உங்களோடு நானும் டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

போன வாரம் குண்டலுபேட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கெம்பையன் கடையில் டீ குடித்ததாக எழுதியிருந்தீர்கள். டீ ஆற்றும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார் என்றீர்கள். அது சரிதான். எனக்கும் அவர் பழக்கம். நன்றாக இருக்கிறாரா? நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நானும் சும்மா இருப்பதில்லை. தினமும் காலையில் குக்கரஹள்ளி ஏரி வரை நடந்து போய் வருகிறேன்.

இப்படிக்கு,
தொட்டையன்

அக்கா, இது நர்ஸ் ஐவி. இதை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் ஏரிக்குப் போவதில்லை. மார்ச் மாதம் கொள்ளேகாலில் பங்காளி வீட்டு எழவு. ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன் என்று மகன் சொன்னார். எழவு ஞாயிறு வரை காத்திருக்குமா என்று இவர் தனியாகக் கிளம்பிவிட்டார். போர்டு படிக்கத் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறி, இறங்கும்போது விழுந்து, ஒன்பது மணி நேரம் கழித்துத்தான் கிடைத்தார். அன்றிலிருந்து மகனும் மருமகளும் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிவிடுகிறார்கள். கட்டு மாற்ற வருவதற்காக எனக்கு ஒரு சாவி கொடுத்திருக்கிறார்கள். தன் கையில் ஒரு சாவி வேண்டும், இவர் கேட்பது அது ஒன்றுதான். நாலு வரி பதில் போடுங்கள். ஐவி.

*

சாமராஜநகர்
22 ஜூலை 2024

பெரியவர் தொட்டையன் அவர்களுக்கு,

மாதேவியின் வணக்கம். கால் புண் ஆறி வருகிறதா? வெயில் நேரத்தில் நடக்க வேண்டாம். இங்கே நானும் என் வீட்டுக்காரரும் சுகம்.

பதினாறு வருடமாக எழுதுகிறேன், கடிதம் வருவது இதுதான் முதல் தடவை. முகவரி கொடுத்திருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. ஏன் எழுதுகிறேன் என்று கேட்டீர்கள். தாலுகா ஆபீசில் வேலை பார்த்தபோது குண்டலுபேட்டைக்கும் சாமராஜநகருக்கும் தினமும் பஸ். பார்த்ததை வீட்டுக்கு வந்து யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டுக்காரர் நாலு வார்த்தை கேட்பதற்குள் கொட்டாவி விடுவார். அதனால் எழுத ஆரம்பித்தேன். அப்போது நாற்பது ஐம்பது பேர் படித்தார்கள். இப்போது வாரத்துக்கு ஏழு பேர் வந்ததாக அது காட்டும். அதில் ஒருவர் நான், பிழை பார்க்கப் போவது.

கெம்பையனிடம் சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். "தொட்டையண்ணன் இன்னும் சக்கரை தூக்கலாத்தான் குடிக்கறாரா?" என்று கேட்டார்.

ஏரியில் இப்போது நாரை வந்திருக்கிறதா? எழுதுங்கள்.

அன்புடன்,
மாதேவி

(துண்டுச்சீட்டு: ஐவி, இது உங்களுக்கு மட்டும். அவர் ஏரிக்குப் போவதாகவே இருக்கட்டும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.)

*

மைசூர்
2 ஆகஸ்ட் 2024, வெள்ளி

மாதேவி அம்மிணிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேணும். நாரை நிறைய வந்திருக்கிறது. எண்ணவில்லை.

கெம்பையன் கேட்டதற்குச் சந்தோஷம். சர்க்கரை தூக்கல்தான்.

எங்கள் வீட்டில் பெரிய டிவி இருக்கிறது. அதில் ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். மருமகள் போனில் ஒரு ஆள் வந்து, வாயைத் திறப்பதற்குள் போய், வேறு ஆள் வந்துவிடுகிறார். உங்களைப் போன்றவர்கள் வந்து உட்கார்ந்து பேசுகிறீர்கள். அவசரம் இல்லை. சொன்னதையே சொன்னாலும் கோபம் வருவதில்லை, நானும் அப்படித்தானே.

உங்களுக்கு அடுத்தபடியாக இன்னும் இரண்டு பேரைப் பிடித்திருக்கிறோம். குவைத்தில் ரெஜி என்று ஒரு எலக்ட்ரீசியன். ஆறு பேர் தங்கும் அறை. ஒருவன் குறட்டை விடுவதைப் பற்றியே நாலு வாரம் எழுதினார். ஐந்தாம் வாரம் அந்த ஆள் ஊருக்குப் போய்விட்டான், இவருக்குத் தூக்கம் வரவில்லை. இன்னொருவர் ஓசூரில் ஒரு வாத்தியார். தன் சைக்கிளைத் தவிர வேறு எதையும் எழுதமாட்டார். மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். நீங்களும் படித்துப் பாருங்கள்.

உங்களுடையதில் எண்பத்திரண்டு கேட்டாயிற்று. கண்டக்டர் கோழிக்கு டிக்கெட் கிழித்தது, 2011. கோழியை ஒரு தடவை சிவப்பு என்றீர்கள். இரண்டு வருடம் கழித்து அதே கோழியைக் கறுப்பு என்றீர்கள். எது?

இப்படிக்கு,
தொட்டையன்

அக்கா, இன்றும் சாவியைக் கேட்டார். "நர்சம்மா, கீழ கேட்டு வரைக்கும் போய்ட்டு வந்தர்றேன், நீங்க மேல நின்னு பாத்துட்டே இருங்க." சாவியை இவரிடம் கொடுக்கமாட்டேன் என்று மகன் என்னிடம் எழுதி வாங்கியிருக்கிறார். என் வேலை போய்விடும். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இவர் முன்னால் மண்டிபோட்டுக் கட்டுப் போடுவது எனக்கு என்னவோ போல் இருக்கிறது. ஐவி.

*

சாமராஜநகர்
30 ஆகஸ்ட் 2024

அய்யாவுக்கு,

வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? பதில் தாமதம். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் காய்ச்சல், இப்போது பரவாயில்லை.

கோழி கறுப்பு. சிவப்பு என்று எழுதியது அழகுக்காக. பதிமூன்று வருடத்தில் இதைக் கண்டுபிடித்த ஒரே ஆள் நீங்கள்.

குவைத் ரெஜியை ஒரே மூச்சில் படித்தேன். சைக்கிள் வாத்தியாருக்கு நான் இப்போது அடிமை. செயினுக்கு எண்ணெய் போட்டதை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். படித்துவிட்டு எங்கள் வீட்டுக் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டேன். இப்படி எங்கோ முகம் தெரியாமல் ஒருவர் தன் சாயங்காலத்தை எழுதி வைத்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய துணை.

நேற்று நஞ்சன்கூடு பஸ்ஸில் போனேன். சன்னல் சீட் கிடைத்தது. அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அன்புடன்,
மாதேவி

*

மைசூர்
17 செப்டம்பர் 2024, செவ்வாய்

மாதேவி அம்மிணிக்கு,

வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் நின்றதா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஒரு விஷயம் கேட்கிறேன். தசராவுக்கு மைசூர் வாங்கள். நேரே எங்கள் வீட்டுக்கு வாங்கள். விளக்கு பார்க்கலாம். மருமகள் வினிதா நன்றாகச் சமைப்பாள். வாரம் ஒரு பஸ் ஏறுகிறவருக்கு இது ஒரு தூரமா? எந்த நாள் என்று முன்னாலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
தொட்டையன்

அக்கா, அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். எழுதி முடித்ததும் சிரித்தார். என்னப்பா சிரிப்பு என்றேன். "வந்த ஒறம்பரைய பஸ் ஏத்தி வுடாம அனுப்பற வழக்கம் எங்கள்ல இல்லீங்க. அந்த அம்மிணி வந்தா நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயித்தான ஆகோணும்? எம்பையன் வேண்டாம்னு சொல்ல முடியாது" என்றார். மகன் கூடவே வந்தாலும் சரியாம். நீங்கள் வந்தால் அவர் வாசல் தாண்டுவார். ஆறு மாதம் ஆகிறது அக்கா. ஐவி.

*

சாமராஜநகர்
18 அக்டோபர் 2024

அய்யாவுக்கு,

வணக்கம். என்மேல் வருத்தமாக இருப்பீர்கள். பத்தாம் தேதி கிளம்பினேன். நஞ்சன்கூடு வரை வந்துவிட்டேன். தசரா கூட்டத்தில் நிற்கக்கூட இடமில்லை, தலை சுற்றியது, திரும்பிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

வர முடியாததற்குப் பதிலாக உங்களைப் பற்றி ஒன்று எழுதியிருக்கிறேன். பெயர் போடவில்லை. இதுவரை நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது இதுதான். முந்நூறு பேருக்கு மேல். ஐவியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
மாதேவி

*

மைசூர்
25 அக்டோபர் 2024, வெள்ளி

மாதேவி அம்மிணிக்கு,

கால் ஆறிவிட்டது. உங்கள் வீட்டில் எப்படி?

நீங்கள் எழுதியதை நர்சம்மா படித்தார். நீங்கள் ஒரு பஸ்ஸில் ஏறினால் இறங்காமல் விடமாட்டீர்கள். இதிலோ ஏறினேன் என்று வந்தது, அடுத்த வரியிலேயே வீடு வந்துவிட்டது. "நடுவுல என்னமோ முழுங்கிட்டீங்களே நர்சம்மா" என்றேன். இல்லையப்பா என்றார். "உங்க பைபிள் மேல கைய வெச்சுச் சொல்லுங்க பாக்கலாம்" என்றேன். அப்புறம் படித்தார்.

'மைசூரில் சரஸ்வதிபுரத்தில் இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர் பூட்டிக் கிடக்கிறார். அவர் ஏரிக்குப் போவதாக எனக்கு எழுதுகிறார். அவர் நடப்பது கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில். அவருக்கு இருக்கும் ஒரே சன்னல் நான்.' ஒரு தடவை கேட்டால் போதும் எனக்கு. இனி மறக்காது.

நர்சம்மாவைக் கோபிக்கவில்லை. அவர் இதை அழுதுகொண்டே எழுதுகிறார், எழுதட்டும்.

அம்மிணி, கெம்பையன் செத்து நாலு வருடம் ஆகிறது. கருமாதிக்கு நான் வந்திருந்தேன். கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. முதல் கடிதத்தில் அவரைச் சுகம் கேட்டது என் குசும்பு. செத்தவர் என்னை விசாரித்ததாக நீங்கள் எழுதினீர்கள். கெம்பையன் என்னை ஒருநாளும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று, நீங்கள் எந்தப் பஸ்ஸிலும் ஏறுவதில்லை. ஏன் என்று தெரியாது. கேட்கவும் இல்லை. போய் வந்ததாகச் சொல்வதில் ஒரு மனுசிக்கு ஆறுதல் இருந்தால் நமக்கென்ன என்று டிக்கெட் எடுத்துக்கொண்டு கூடவே வந்தேன். தசராவுக்குக் கூப்பிட்டபோதும், இதற்காவது ஏறுவீர்கள் என்று ஒரு நப்பாசை.

உங்கள் பொய்யை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் பொய்யை முந்நூறு பேருக்குச் சொல்லிவிட்டீர்கள்.

வேறு ஒன்றும் இல்லை.

தொட்டையன்

*

மைசூர்
11 நவம்பர் 2024

மாதேவி அக்காவுக்கு,

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டையும் காக்கட்டும். இதை என் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

அப்பாவின் மகன் விஜயகுமார் சார் ஆபீசில் தருண்குமார் என்று ஒருவர், நல்ல கதை என்று உங்கள் பக்கத்தை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். சார் படித்திருக்கிறார். இரண்டாம் மாடி, கால் புண், நர்ஸ். வேறு யாரென்று நினைப்பார்? என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "சிஸ்டர், புண் ஆறிடுச்சு. சாவி கொடுங்க" என்றார். கொடுத்தேன்.

அப்பாவிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. குவைத் ரெஜிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அதை அவருக்கு யார் படித்துச் சொல்வார்கள் என்று நினைத்தால் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. அவர் போனில் மகனும் மருமகளும் தவிர வேறு நம்பர் இல்லை, அவர் நம்பர் என்னிடமும் இல்லை.

தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. அடியில் அடியில் எழுதியது நான்தான்.

ஐவி

*

சாமராஜநகர்
2 டிசம்பர் 2024

அய்யாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இதைப் பிரிப்பது உங்கள் மகனாகத்தான் இருக்கும். அவரும் படிக்கட்டும். உங்களைப் பற்றி எழுதியதை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன, படித்தவர்கள் படித்துவிட்டார்கள்.

நான் கடைசியாகப் பஸ் ஏறி ஆறு வருடம் ஆகிறது. வீட்டுக்காரருக்கு வலதுபக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் இல்லை. வேலையை விட்டேன். கடைக்குப் போகிற பத்து நிமிஷத்துக்குள் அவர் கட்டிலிலிருந்து விழுந்து கிடந்தார் ஒரு தடவை. அதற்கப்புறம் கடைக்கும் போவதில்லை, பக்கத்து வீட்டு தேவம்மா வாங்கி வந்து கொடுக்கிறாள். எங்கள் கதவில் பூட்டு இல்லை அய்யா. திறந்துதான் இருக்கிறது. பத்தாம் தேதி உங்களைப் பார்க்க வர நான் கிளம்பியது நிஜம். செருப்புப் போட்டேன். வாசல்படியில் நின்றேன். அவர் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டேன். அவ்வளவுதான் என் நஞ்சன்கூடு.

பழைய பயணங்களைத்தான் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் என்ன இருக்கிறது எழுத? உங்களைப் பூட்டியவர் கெட்டவர் என்பதுபோல் எழுதிவிட்டேன். எழுதும்போது எனக்கு நன்றாக இருந்தது. அதுதான் உண்மை.

இனி எழுதப்போவதில்லை.

மாதேவி

*

மைசூர்
5 ஜனவரி 2025, ஞாயிறு

மாதேவி அம்மிணிக்கு,

நான் இருக்கிறேன். வீட்டுக்காரரைத் திருப்பிப் படுக்க வைக்கிறீர்களா? முதுகில் புண் வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதுவது என் மகன் விஜயகுமார். உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. இரண்டு வாரம் அதை என்னிடம் காட்டவே இல்லை. அப்புறம் ஒருநாள் படித்தான்.  பதில் போட வேணும் என்றேன். நர்சம்மாவும் இல்லாமல் எழுத ஆள் எங்கே என்று என் மனசில் இருந்தது, கேட்கவில்லை. இன்றைக்கு அவனாகவே பேப்பரை எடுத்து வந்து உட்கார்ந்தான்.

"சொல்லுங்கப்பா, எழுதறேன்."

"உன்னையப் பத்தி வரும்டா."

"வரட்டும்."

"நான் சொல்றது சொல்றபடி எழுதுவியா?"

"நர்சம்மா எழுதினாங்கல்ல. எழுதறேன்."

சரி. எழுது. 1984 சித்திரை. இவனுடைய அம்மா பிரசவத்துக்குச் சாமராஜநகர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாள். பிள்ளை தங்கவில்லை. இவனுக்கு ஐந்து வயது. வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆற்றில் தண்ணீர், கிழக்கே காடு. இவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். முதல் இரண்டு நாள் அழுதான். மூன்றாம் நாள் கதவிடுக்கில் விரலை நீட்டிக்கொண்டு நின்றான். நான் விரலைத் தொட்டுவிட்டுப் போவேன். எட்டாம் நாள் விரலும் இல்லை. உள்ளே மூலையில் உட்கார்ந்து எறும்போடு பேசிக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை, பழகிவிட்டான் என்று எனக்கு நிம்மதி.

இதைச் சொன்னபோது இவன் எழுதுவதை நிறுத்திவிட்டான். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லையே என்கிறான். இருக்காது. எனக்கு இருக்கிறது. பூட்டியவனுக்கு உயிர் எப்படிப் பதறும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழகிவிட்டான் என்று நினைத்தேனே, அதுதான் தப்பு. போன வாரம் சுவரில் பல்லி ஒன்றோடு அரைநாள் பேசிக்கொண்டிருந்தேன் அம்மிணி.

எழுதுவதை நிறுத்தாதீர்கள். பஸ் வேண்டாம். வீட்டுக்காரர் கொடுத்த அந்தச் சத்தத்தை எழுதுங்கள். எப்படி இருந்தது, எதற்காகக் கொடுத்தார். உங்கள் எழுத்தில் செருப்பைக் கழற்றிய அந்த நாலு வரிக்கு முன்னால் கோழியும் நிற்காது, கெம்பையனும் நிற்கமாட்டார்.

"எழுதினயா?"

"எழுதினேன்."

"படி."

படித்தான். ஒரு எழுத்தும் முழுங்கவில்லை.

தொட்டையன்

*

மைசூர், ஆபீசிலிருந்து
20 ஜனவரி 2025, திங்கள்

மாதேவி அம்மா அவர்களுக்கு,

விஜயகுமார் எழுதுகிறேன். உங்கள் கணவர் உடல்நிலை எப்படி? அப்பா சொல்லி எழுதிய கடிதத்தைத் தவிர, நான் தமிழ் எழுதி இருபது வருடம் ஆகிறது, பிழை இருக்கும்.

நீங்கள் எழுதிய 'ஒரு சத்தம்' போன வியாழக்கிழமை அப்பாவுக்குப் படித்தேன். மூன்று தடவை கேட்டார். இப்போது தினமும் சாயங்காலம் நான்தான் படிக்கிறேன். ரெஜி கல்யாணம் முடிந்தது. கூர்க்கில் ஒரு தமிழம்மா தன் காப்பிச் செடிகளோடு சண்டை போடுவதை எழுதுகிறார், அவரைக் கண்டுபிடித்தது நான். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு அதைவிட. ஐவி சிஸ்டரைத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன், புண்ணுக்காக இல்லை.

இன்று காலை கதவைப் பூட்டவில்லை. சாவி மேசைமேல் இருக்கிறது, அவரிடம் காட்டிவிட்டு வந்தேன். வினிதாவுக்குப் பயம். எனக்கும்தான். அந்த ஒன்பது மணி நேரம் எங்களுக்கு எப்படிப் போனது என்று யாரும் எங்கேயும் எழுதவில்லை.

"எங்கப்பா போவீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலடா. கதவு தொறந்திருந்தாத்தான தெரியும்" என்றார்.

சட்டைப் பையில் என் நம்பர் எழுதிய சீட்டு வைக்கப் போனேன். வாங்கிக் கிழித்துவிட்டு, என் நம்பரை வாயாலேயே சொன்னார். வினிதா நம்பரையும் சொன்னார். முன்பு குடியிருந்த வீட்டின் பழைய லேண்ட்லைன் நம்பரையும் சொன்னார்.

பதினொரு மணிக்கு அவர் போனுக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பதினொன்று இருபதுக்கும் எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருக்கலாம். கீழே கேட்டில் வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருக்கலாம். ஏரிக்குப் போயிருக்கலாம். சாமராஜநகர் பஸ்ஸில் இருக்கலாம். அப்படியானால் இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவரே வந்துவிடுவார்.

இப்போது பதினொன்று ஐம்பது. ஸ்கூட்டரில் போனால் பன்னிரண்டு நிமிடம். ஹெல்மெட் மேசைமேல்தான் இருக்கிறது. எழுந்து போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஜயகுமார்